நோய் வகுத்த வழிகள்



ஆடலும் பாடலும் காண வந்திருக்கும் தங்கள் முன் சாலையைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். வழி தேடி இந்நகருக்கு வந்தவர்கள் நாம். நாள்தோறும் வழியிலேயே சில மணி நேரத்தைக் கழிப்பவர்களும் நாமே. ஆகவே சில சொற்கள் கூற இடந்தருமாறு வேண்டுகிறோம்.

நாம் வாழும் மாட்டுங்கா எவ்வாறு தோன்றிற்று? 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. பல்லாயிரவர் மாண்டனர், எஞ்சியோருள் பலர் ஊரை விட்டு ஓடினர். காற்றும் ஒளியும் புகாத நெருக்கமே நோயை வளர்த்தது என்று கருதிய ஆட்சியினர், 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவினர். கடற்காற்று நகருக்குள் வீசுமாறு பிரின்சஸ் வீதி திறக்கப்பட்டது. இன்று முகம்மது அலி சாலை எனப்படும் சிடென்ஹாம் சாலை போடப்பட்டது. வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களும் தோட்டங்களும் வகுக்கப்பட்டன. எழுத்தர் வேலைக்கு வந்த நம் முன்னோர் அங்கே வாடகைக்குக் குடியேறினர். அப்பணியால் ஏழையர் பலர் வீடிழந்தனர் என்பதை மறத்தலாகாது. எனினும் அன்று போட்ட சாலைகள் எல்லார்க்கும் பொதுவாக நின்றன.

இனி, நாமே கண்ட நோயைப் பார்ப்போம். நாளொன்றுக்கு முக்கால் கோடிக்குக் குறையாத மக்களைச் சுமந்த லோக்கல் வண்டிகள் 2020 மார்ச் 22 நள்ளிரவோடு நின்றன. 25-ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. சாலைகள் வெறிச்சோடின, பறவைகளின் ஒலி நம் மாடங்களில் கேட்டது. ஜூன் 15-இல் வண்டிகள் மீண்டும் ஓடின. ஆனால் இன்றியமையாப் பணியாளர்க்கு மட்டுமே. அக்டோபர் 21 முதல் பெண்கள் குறித்த நேரங்களில் ஏறலாயினர். இரு தவணை ஊசி போட்டுக்கொண்ட பொதுமக்களுக்கு 2021 ஆகஸ்ட் 15-இல் கதவு மீண்டும் திறந்தது.

இடைப்பட்ட காலத்தில் நடந்தது யாது? வசதியுள்ள நாம் ஸ்கூட்டரும் காரும் வாங்கினோம். டோம்பிவிலியிலிருந்து நம் காலனிக்கு வீட்டு வேலைக்கு வந்த அம்மையார் ஒருவர், இரயிலில் ஏற இயலாது, பேருந்து மாறி மாறி மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்தார். அவர் தாமதித்து வந்தபோது கடிந்துகொண்டோரும் நம்மிடையே உண்டு. நாணத்தோடு இதனைச் சொல்கிறோம்.

வெறுஞ்சாலை தந்த நன்மையும் நிலைக்கவில்லை. 2019-இல் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,51,113 பேர். 2020-இல் அத்தொகை குறைந்தது. ஆனால் நூறு விபத்துக்கு இத்தனை சாவு என்ற கணக்கு அவ்வாண்டில் கூடிற்று. வெறுஞ்சாலை வேகத்தைத் தூண்டும் அன்றோ? 2021-இல் மாண்டோர் தொகை 1,53,972 ஆக உயர்ந்தது.

நோயின் கொடுமை தணிந்தது. அன்று நாம் வாங்கிய வண்டிகள் தணியவில்லை. நெருக்க நேரத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் ஓர் இரயிலின் மக்கள் அனைவரும் ஆளுக்கொரு காரில் புறப்பட்டால், கடலால் சூழப்பட்ட இக்குறுகிய நகரில் எந்தச் சாலை தாங்கும்? அச்சத்தால் தனியே செல்லத் தொடங்கினோம். அச்சம் நீங்கிய பின்னும் பழக்கத்தால் தனியே செல்கிறோம். பேருந்தில் ஏறாதவன் பேருந்து குறைந்தாலும் கேட்க மாட்டான். அவன் கேளாமையால் துன்புறுவோர் அந்த அம்மையாரைப் போன்றவரே.

பிளேக் காலத்தில் வகுத்த அகன்ற தெருக்களில் இன்று நம் கார்கள் இருமருங்கும் நிற்கின்றன. இவ்விழாவுக்கு வந்தவை எத்தனை என்பதை வாயிலிலேயே காணலாம்! வண்டியை விற்றுவிடுமாறு வேண்டவில்லை. வாரத்தில் இரு நாளேனும் அதனை வீட்டில் நிறுத்திவிட்டு, பேருந்துக்கும் இரயிலுக்கும் திரும்புவோம். அங்கே குறை இருப்பின் சங்கத்தின் வாயிலாக ஒரு குரலாய்க் கேட்போம். முன்னோர் பெற்ற பொதுவழியைப் பொதுவழியாகவே நம் மக்களுக்கு விட்டுச் செல்வோம்.