கூட்டு வேட்டையும் பங்கீடும்



"வலுத்தது தின்னும், இளைத்தது பட்டினி கிடக்கும்; இதுதான் இயற்கைச் சட்டம்" என்று வயிறு நிறைந்த பேர்வழிகள் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கின்றோம். அந்த இயற்கையைத்தான் காட்டிற்குள் போய்ப் பார்ப்போமே!

நம் நீலகிரிக் காட்டிலேயே செந்நாய் இருக்கின்றது. எடை 15 கிலோ சுமாருக்குத்தான். தனியாய் நின்றால் கடமானின் ஒரு உதைக்குத் தாங்காது. ஆனால் பத்துப் பன்னிரண்டு கூடிவிட்டாலோ, சில புதருக்குள் புகுந்து விரட்ட, மற்றவை வெளியில் மறித்து நிற்க, தன்னைப்போல் பத்து மடங்கு கனமுள்ள அதே கடமானை வீழ்த்திவிடுகின்றன. சிதறிப் போனால் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்வது சீட்டியடித்து!

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் என்னும் அறிஞர் 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் இவைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். கண்டதென்ன? வேட்டைக்கு உடன் வந்த குட்டிகளுக்கே இறைச்சியில் முதல் உரிமை. வர முடியாத சிறு குட்டிகளுக்கும், அவைகளோடு தங்கிவிட்ட தாய்க்கும், போனவை தின்றதைக் கக்கிக் கொடுக்கின்றன. பெற்றவை மாத்திரமல்ல, கூட்டத்தின் மற்ற நாய்களும் கொடுக்கின்றன.

இப்பேர்ப்பட்ட பிராணிக்குத்தான் "கொடிய மிருகம்" என்று பட்டம் கட்டி, சர்க்கார் இனாம் கொடுத்துக் கொல்லச் செய்தது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை இது நடந்தது. துரைமார் சுட வேண்டிய மானை இது தின்றுவிடுகிறதாம்! உயிரோடிருக்கும்போதே மானைக் கிழித்துத் தின்பது வாஸ்தவந்தான்; அதை நாம் மறைக்கவில்லை.

"சிங்கத்தைப் பார்" என்பார்கள். பார்த்தோம். பெண் சிங்கங்கள் கூடி வேட்டையாட, ஆண் சிங்கம் வந்து முதற்பங்கை அடித்துக்கொள்வதும், இரை குறைந்த காலத்தில் குட்டிகள் பட்டினியால் சாவதும் மெய்யே. ஆனால் இரண்டு வழக்கமும் காட்டிலிருக்க, சிங்கத்தை மாத்திரம் பொறுக்கியெடுத்துச் சட்டம் பேசுகிறவருக்கு, செந்நாய் எந்த இயற்கையைச் சேர்ந்ததாம்?

இன்னொன்றையும் கேளுங்கள். அமெரிக்கக் கண்டத்திலே இரத்தங்குடிக்கும் வௌவால் ஒன்று உண்டு. பேரே அருவருப்பு. இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் அது செத்துப்போகும். வெறும் வயிற்றோடு திரும்பியதற்கு, வயிறு நிறைந்தது தன் வாயிலிருந்து ஊட்டுகின்றது என்பதைக் கோஸ்ட்டாரிக்கா தேசத்தில் ஆராய்ந்த வில்கின்சன் 1984இல் வெளியிட்டார். உறவுக்கு மட்டுமா? இல்லை. உறவில்லாமல் ஒரே பொந்தில் கூடியிருந்து பழகியதற்கும் ஊட்டுகின்றது. இன்று வாங்கித் தின்றது, மற்றொரு நாள் திருப்பி ஊட்டுகின்றது.