மழைத் தெய்வங்கள்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மழைத் தெய்வங்களைப் பற்றியதாகும். கல்வராயன் மலைமீது மேகம் கறுத்தால் கோமுகியில் வெள்ளம் வரும். கறுக்காவிட்டாலோ மலைமேல் சாமையும் கேழ்வரகும் காயும். கீழே கிணறு வற்றும். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாகிவிட்டது என்றாலும் வானம் பார்த்த பூமி வானம் பார்த்த பூமியாகவேதான் இருக்கிறது. ஆகவே, நம்மைப் போலவே வானத்தை நம்பிப் பிழைத்த ஒரு பழைய ஜன சமூகம் மழைக்காக என்ன செய்தது என்பதை நாம் தெரிந்துகொள்ளுவது பயன்படும் என்று கருதுகிறோம்.

சிரியா தேசத்துக் கடற்கரையில் 1928-ம் வருஷம் ஒரு குடியானவர் உழுதுகொண்டிருக்கையில் கலப்பை ஒரு கல்லில் இடித்தது. கல்லைப் பெயர்த்தால் கீழே ஒரு பழைய கல்லறை! மறு வருஷமே பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் தோண்டத் தொடங்கினார்கள். சுமார் 3,200 வருஷங்களுக்கு முன் அழிந்துபோன உகாரித் என்னும் பட்டணமும், களிமண் பலகைகளில் எழுதி வைத்த தெய்வக் கதைகளும் வெளிப்பட்டன.

அக்கதைகளின் நாயகன் பாகால். கிறிஸ்தவ வேதம் படித்தவர்களுக்கு இப்பெயர் தெரிந்திருக்கும். இடி, மின்னல், மழை மூன்றும் அவன் கையில். அவன் கடலோடு சண்டையிட்டு ஜெயிக்கிறான். பிறகு மோத் என்பவனிடம் சிக்கி மாளுகிறான். மோத் என்றால் சாவு என்று அர்த்தம். பாகால் மாண்டதும் வயல் வெடித்துப் போகிறது. அவன் தங்கை அனாத் என்ன செய்கிறாள்? மோத்தை வாளால் அறுத்து, தூற்றி, நெருப்பிலிட்டு, திரிகையில் அரைத்து, வயலில் விதைக்கிறாள். பாகால் பிழைத்து வருகிறான், மழையும் வருகிறது.

தோழர்களே! இது எந்தத் தேவலோகத்துச் சங்கதி? அறுப்பதும், தூற்றுவதும், அரைப்பதும், விதைப்பதும் குடியானவன் வேலையல்லவா? கோடையில் காய்ந்து குளிர்காலத்தில் நனையும் தன் நிலத்தைத்தான் அவன் கதையாக்கி வைத்தான். எகிப்தில் நைல் நதியின் வெள்ளம் வயலை நனைத்தது. ஆகையால் அங்கே வெள்ளத்துக்கே ஹாப்பி என்று ஒரு தெய்வம் ஏற்பட்டது. நமக்கோ மாரி என்றால் மழை. மாரியம்மன் என்று தெய்வம். தண்ணீர் எங்கிருந்து வந்ததோ அங்கே மனிதன் தெய்வத்தை உட்கார வைத்தான் என்பது இதனால் விளங்கவில்லையா?

பாபிலோனியர்கள் தம்மூசு என்ற விளைச்சல் தெய்வம் கோடையில் இறந்துவிட்டதாக நம்பி, பெண்களைக் கூட்டி அழவைத்தார்கள். எருசலேம் கோயில் வாசலிலேயே பெண்கள் தம்மூசுக்காக அழுததாகக் கிறிஸ்தவ வேதம் கூறுகிறது. இதைக் கேட்டு நாம் சிரிக்கலாமா? மழை தவறினால் வைக்கோலால் உருவம் செய்து, கொடும்பாவி என்று பெயரிட்டு, தெருத் தெருவாய் இழுத்து, பெண்களை மாரடித்து ஒப்பாரி வைக்கச் செய்தது நம் தமிழ்நாடுதானே!

நிற்க. கொடும்பாவி என்ற பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மழை ஒரு தெய்வத்தின் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், மழை நின்றவுடன் தெய்வத்துக்குக் கோபமூட்டிய பாவி ஒருவன் வேண்டியிருக்கிறது. இஸ்ரவேல் தேசத்தில் பஞ்சம் வந்தபோது, ராஜா பாகாலை வணங்கிய பாவமே காரணம் என்றார் எலியா தீர்க்கதரிசி. பாகாலின் 450 பூசாரிகளும் கத்தியால் தங்களையே கீறிக்கொண்டு கதறினார்கள், பலனில்லை. கடைசியில் அவர்கள் அத்தனை பேரும் ஆற்றங்கரையில் வெட்டப்பட்டதாகவும், பிறகே மழை பெய்ததாகவும் அவ்வேதம் சொல்லுகிறது. பாகாலை ஒழித்தவர்கள் மழைக்குக் கடவுள் வேண்டாமென்றா சொன்னார்கள்? பாகாலின் உத்தியோகத்தைத் தங்கள் கடவுளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நம் நாட்டிலும் மழை பொய்த்தால் பெண்ணின் கற்பின்மேல் பழி. தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கப்பட்டவன் கோயிலுக்குள் நுழைந்தால் அவன்மேல் பழி! வைக்கோல் பாவியைக் கொளுத்துவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. உயிருள்ள மனிதனையல்லவா பாவியாக்குகிறார்கள்?

பாகாலுக்கு இன்று பூசையுமில்லை, பூசாரியுமில்லை. பாலஸ்தீனத்து அரபுக் குடியானவர்கள் மானாவாரிச் சாகுபடியை இன்றும் அந்தப் பழைய பெயரால் சொல்லுகிறார்கள். தம்மூசின் பெயர் சிரியாவிலும் ஈராக்கிலும் ஜூலை மாதத்தின் பெயராக நிற்கிறது. பெயரைத் தவிர எல்லாம் போயிற்று. ஆயினும் அந்தச் சீமையில் மழை பெய்யாமலா போய்விட்டது?

ஐப்பசி, கார்த்திகையில் வங்காளக் குடாக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, மேலெழும்பிக் குளிர்ந்து மழையாகிறது. அதைக் கணக்கெடுக்க 1875 முதல் இந்தியாவில் வானிலை இலாகா இருக்கிறது. வந்த தண்ணீரை 46 அடி உயரத்துக்குத் தேக்க மலையடிவாரத்தில் கோமுகி அணை இருக்கிறது. அது எந்த ஜபத்தால் எழுந்தது? மண்ணாலும், கல்லாலும், கூலியாட்களின் வியர்வையாலும் எழுந்ததல்லவா?

ஆகையால் தோழர்களே! அடுத்த தடவை மழை தவறினால், "யார் பாவி?" என்று கேட்கிறவனை ஊருக்குள் நம்பாதீர்கள். பூசைக்கென்று வசூல் கேட்டால், அந்தப் பணத்தில் நம் ஏரியைத் தூர்வாரலாமா, வரத்து வாய்க்காலை அடைத்துக்கொண்டவன் யார் என்று கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள். பெண்களும் கேட்கட்டும், ஒப்பாரி வைத்தது போதும்.