மூக்கில் விடும் தடுப்பு மருந்து

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ கொஞ்ச நேரம் நம்ம பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.

போன மழைக்காலத்தில் எங்கள் குழு அக்கா ஒருவரின் இரண்டரை வயதுப் பேத்திக்குக் காய்ச்சல் வந்தது. "சளிதானே, சரியாப் போயிடும்"னு கஷாயம் கொடுத்து மூணு நாள் பார்த்தோம். நாலாம் நாள் ராத்திரி பிள்ளைக்கு மூச்சு வாங்கியது, விலா உள்ளே இழுத்தது. ஆட்டோ பிடித்து ஓடினோம். பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் அதற்கு வாங்கிய உள்கடனை அந்த அக்கா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"இது ஃப்ளூ காய்ச்சல், தடுப்பு மருந்து கொடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஐயோ, இன்னொரு ஊசியா?" என்றார் அக்கா. "ஊசி இல்லாம மூக்குல விடுற மருந்தும் இருக்கும்மா" என்றார் டாக்டர். எங்களுக்கு அது புதுசு. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

ஃப்ளூ என்பது சாதாரண ஜலதோஷம் இல்லை. திடீர்னு காய்ச்சல், உடம்பு வலி, இருமல் வரும். பெரியவர்கள் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவோம். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, அதிலும் 2 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். இந்தக் கிருமி அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் தடுப்பு மருந்தை வருஷா வருஷம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூக்கு மருந்தில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த கிருமி. மூக்கின் குளிர்ச்சியில் அது வளரும். நுரையீரலின் சூட்டில் வளராது. அதனால் நோய் வராமலேயே உடம்பு எதிர்ப்புச் சக்தியைக் கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் ஒரு பீய்ச்சு, அவ்வளவுதான். ஓரிரு நாள் மூக்கு ஒழுகலாம்.

அமெரிக்காவில் 2003-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. 2007-ல் இருந்து 2 வயதுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் 2013 முதல் சின்னப் பிள்ளைகளுக்கு அரசே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. நம்ம நாட்டில் 2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது, அடுத்த வருஷமே புனேயில் உள்ள சீரம் நிறுவனம் இப்படி ஒரு மூக்கு மருந்தைக் கொண்டுவந்தது. குறையும் சொல்லணும். சரியான பலன் இல்லை என்று 2016-ல் அமெரிக்காவில் இதைப் பரிந்துரைப்பதை நிறுத்தி, இரண்டு பருவம் கழித்து, மருந்தில் மாற்றம் செய்த பிறகே மறுபடி சேர்த்தார்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் இது ஆகாது. 2 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, இளைப்பு வரலாம். ஆஸ்துமா, இளைப்பு உள்ள பிள்ளைகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கவே கூடாது. இவர்களுக்கு ஊசிதான் பொருத்தம். ஃப்ளூ ஊசியை 6 மாதம் முடிந்த பிள்ளைக்குப் போடலாம். முதல் தடவை போடும் சின்னப் பிள்ளைக்கு நாலு வாரம் விட்டு இரண்டு தவணை. 6 மாதம் ஆகாத குழந்தைக்கு எதுவும் இல்லை. தாய் கர்ப்பமாக இருக்கும்போது போட்டுக்கொள்ளும் ஃப்ளூ ஊசிதான் அதற்குக் காவல்.

சகோதரிகளே, முக்கியமான விஷயம் இதுதான். ஃப்ளூ மருந்து, ஊசியோ மூக்கில் விடுவதோ, நாட்டின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அதனால் முடிந்தவர்கள் டாக்டரிடம் விலை கேட்டு, முன்கூட்டியே சேமித்துப் போடுங்கள். ஆனால் "ஊசி இல்லாத மருந்து வந்துடுச்சாமே"ன்னு சொல்லி இருக்கிற ஊசியை யாரும் தள்ளிப்போடாதீங்க. போலியோ சொட்டும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டும் வாயில் விடுவதுதான். தட்டம்மை, கக்குவான், ரணஜன்னிக்கு ஊசிதான் வழி. நர்சம்மாவைக் கண்டதும் பிள்ளையை முந்தானையில் மறைக்கிற பழக்கம் நம்மில் இருக்கு. மடியில் உட்கார வைத்து, கையைப் பிடித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போடச் சொல்லுங்கள். அழுகை ஒரு நிமிஷம்தான்.

மூச்சைக் கவனியுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும், ஒரு வயது முதல் 5 வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. விலா உள்ளே இழுத்தாலும், பால் தண்ணி குடிக்காவிட்டாலும், வலிப்பு வந்தாலும், துவண்டு கிடந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவாருங்கள். கடன் பாக்கி பார்க்கிற மாதிரி ஊசி பாக்கியையும் பார்ப்போம். எங்கள் பேத்திக்கு நாங்கள் தாமதித்த மூணு நாள், வேறு எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.