பின்வளவிற் கொடிப்பந்தல்

பந்தல் இருவகைப்படும். ஒன்று மணவீட்டின் முற்றத்தில் எழுவது. மற்றொன்று பின்வளவில் எழுவது. முன்னது சில நாட்களிற் பிரிக்கப்படும். பின்னதோ பல்லாண்டு நிற்றல் வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்து, மணப்பந்தலுக்குக் கால் நடுவது போலவே கொடிப்பந்தலுக்கும் கால் நடுவோர் பலர். அத்தகைய பந்தல் முதல் மழையில் தழைக்கும். மூன்றாம் மழையிற் சாயும்.

புத்தளத்திலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் வீதியில், தென்னந்தோட்டங்களின் நடுவே அமைந்தது மதுரங்குளி. தென்னையின் நிழல் ஓரிடத்தில் நில்லாது. ஆதலின் பின்வளவுக்கு வேறு நிழல் வேண்டும். மேலைநாட்டார் ‘பெர்கோலா’ என வழங்கும் மரப்பந்தலிற் குறுக்குச் சட்டங்களே ஓரளவு நிழல் தரும். அங்கே வெயில் சாய்ந்து விழுவதே அதற்குக் காரணம். மதுரங்குளியிலோ ஏப்ரல் நடுப்பகுதிக்குச் சற்று முன்னரும், ஆகஸ்ட் இறுதியையொட்டியும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்பான். சட்டங்களின் இடைவெளி முழுவதும் வெயில் இறங்கும். இங்கு நிழல் தருவது இலையே. மரம் அவ்விலையைத் தாங்குவதற்கே உள்ளது.

ஆகவே, எக்கொடியை ஏற்றுவது என்பதை முதலில் துணிதல் வேண்டும். பாவலும் பீர்க்கும் ஒரு போகத்தோடு முடிவன. கொடித்தோடையும் மல்லிகையும் ஆண்டுதோறும் பெருத்துச் சுமையாவன. புடோலுக்கோ உயரம் வேண்டும். காய் நேராக நீளும்பொருட்டு அதன் நுனியிற் கல் கட்டித் தொங்கவிடுவது வழக்கமன்றோ? ஏழு அடிக்குக் குறைந்த பந்தலின் கீழே மனிதர் தலைநிமிர்ந்து நடத்தல் இயலாது.

அடுத்துக் காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இக்கரையில் ஓங்கி வீசும். அருகிலுள்ள மாம்புரியில் 2010ஆம் ஆண்டு முதல் காற்றாலைகள் மின்சாரம் தருவது இக்காற்றின் வலிமைக்குச் சான்று. வெறும் சட்டத்தினூடே காற்று எளிதிற் புகுந்து செல்லும். இலை மூடியபின் பந்தல் தோணியின் பாய் போலாகிவிடும். நாற்கோணச் சட்டம் தள்ளுண்டால் கோணிப்போகும். முக்கோணம் வடிவு மாறாது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு சாய்வுக்கட்டையை இணைத்தல் வேண்டும் என்று ஓடாவிமார் வற்புறுத்துவது இதனாலேயே.

மரம் பெரும்பாலும் அடியிலேயே கெடும். மண்ணின் ஈரமும் காற்றும் சந்திக்கும் இடத்தில் உளுப்பு தொடங்கும். கறையானும் அவ்வழியே ஏறும். முதிர்ந்த தென்னையின் அடிப்பகுதிப் புறமரம் வலியது, உள்மரம் மென்மையானது. எனினும், எம்மரமாயினும் மண்ணைத் தொடாதிருப்பதே நலம். இரண்டடி ஆழத்திற் சீமெந்துக் கட்டு இட்டு, அதனைத் தரைக்கு மேல் ஒரு சாண் உயர்த்தி, அதன்மேற் காலை நிறுத்தி இரும்புப் பட்டையாற் பிணித்தல் வேண்டும். உப்பளங்கள் நிறைந்த இவ்வட்டாரத்துக் காற்று வெறும் இரும்பை விரைவில் அரித்துவிடும். நாகமுலாம் பூசிய ஆணிகளும் பட்டைகளுமே நெடுநாள் உழைக்கும்.

கல்லுக்கும் சீமெந்துக்கும் ஆகும் செலவை எண்ணிக் கைவிடுவோர் உண்டு. செலவன்றி வேறு காரணத்தால் தயங்கியோரும் உண்டு. 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். கிடுகுக் கொட்டில்களே அவர்களுக்கு முதல் நிழலாயின. ஊர் திரும்பும் நாளை எண்ணியிருப்பவருக்கு, பத்தாண்டு நிற்கும் பந்தலைக் கட்ட மனம் எங்ஙனம் வரும்? போர் 2009இல் முடிந்தபின் சிலர் திரும்பினர். பலர் இங்கேயே தங்கினர். தங்கியவர் ஒருவர் தம் பின்வளவிற் காலின் கீழே கல் இடும்போது, அவ்விடத்தைத் தம் பிள்ளைகளின் ஊராக ஏற்றுக்கொள்கிறார். அது எளிதில் எடுக்கும் முடிவன்று.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்த கதையை அறியாதார் இலர். படரக் கொம்பின்றித் தவித்த கொடிக்கு மன்னன் அன்று கையில் இருந்ததைக் கொடுத்தான். இல்லறத்தார் அங்ஙனம் தேரை இழக்க வேண்டுவதில்லை. வித்தை ஊன்றுமுன் காலை ஊன்றினாற் போதும். கொடி தேடி வரும்போது பந்தல் அங்கே காத்திருக்கும்.