காவல் நிலையமும் தறி வீடும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பொறியியல் படித்தவன் போலீஸைப் பற்றி என்ன பேசப் போகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நான் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணியில் பிறந்தவன். எங்கள் தெருவில் பொருள் திருட்டுப் போனால்கூட, "நமக்கு எதுக்குப்பா வம்பு? ஸ்டேஷன் ஏறி இறங்கினா ரெண்டு நாள் கூலி போச்சு" என்பார்கள். ஆகவே இது என் வீட்டுப் பிரச்சினையும்தான்.

மக்களைக் காவல் பணியில் பங்காளிகளாக்குவதில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம். 1993-இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த திரு. பிரதீப் பிலிப் அவர்கள் 'பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். பிறகு அது மாநிலம் முழுவதும் பரவியது. திருச்சியில் காவல் ஆணையராக இருந்த திரு. ஜே.கே. திரிபாதி அவர்கள், பகுதிக்கு இன்னார் என்று 'பீட்' காவலர்களை நியமித்தார். புகார்ப் பெட்டிகளும் வைத்தார். 2008-இல் கேரளம் 'ஜனமைத்ரி' திட்டத்தில் காவலர்களை வீடு வீடாக அனுப்பியது.

இவ்வளவு நல்ல யோசனை ஏன் வேரூன்றத் திணறுகிறது? காவலர் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். பந்தோபஸ்து, கோர்ட்டு, ஊர்வலம் என்று அலைகிறவருக்குத் தெருவில் உட்கார்ந்து பேச நேரம் ஏது? பிடித்த திருடனுக்குக் கணக்கு உண்டு. நடக்காமல் தடுத்த திருட்டுக்கு எந்த ரிஜிஸ்டரிலும் இடமில்லை. தெரு பழகுவதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிடும். ஆர்வமுள்ள அதிகாரி போனால் திட்டமும் அவரோடு போய்விடும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரும் இறந்தார்கள். நாடே கொதித்தது. காவல் நண்பர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது. இருபத்தேழு ஆண்டு உழைப்பு அத்தோடு நின்றது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட நண்பர்களை இரவு ரோந்துக்கும் வாகன சோதனைக்கும் பயன்படுத்தினால், அவர்கள் போலீஸுக்கு இன்னொரு கையாகிவிடுகிறார்கள். மக்களுக்கு வேண்டியது இன்னொரு கை அல்ல, காது கொடுத்துக் கேட்கும் ஆள். லத்தியைப் பகிர்ந்து கொள்வது சமூகக் காவல் ஆகாது. பதில் சொல்லும் பொறுப்பைப் பகிர்ந்து கொள்வதே சமூகக் காவல்.

நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்குத் தெருவில் யார் வந்தார், யார் போனார் என்பது அத்துபடி. அவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லாதீர்கள். மாதம் ஒரு சாயங்காலம் பீட் காவலர் தெருவுக்கு வரட்டும். வந்த குறைகளை நோட்டில் எழுதட்டும். அடுத்த மாதம், "போன தடவை சொன்னீங்களே, அது இப்படி ஆச்சு" என்று முதலில் பதில் சொல்லிவிட்டுப் பிறகு புதுக்குறை கேட்கட்டும். அதிகாரி மாறினாலும் நோட்டு மாறாது. பெண்கள், கூலித் தறி ஓட்டுகிறவர்கள் குரலும் அதில் ஏறவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் மட்டும் பேசினால் போதாது.

நம் சங்கத்தார் அவரவர் ஊரில் இந்த ஒரு நோட்டைத் தொடங்கி வைக்க முன்வந்தால், அதுவே கல்லூரிக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.