விளையாட்டில் வரும் ஆங்கிலம்

(மார்க்கையன்கோட்டைக் குறுவள மையக் கூட்டத்தில் பேசியது)



நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பது ஏட்டில்தான். நடவுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும், கம்பம்மெட்டு ஏறி ஏலக்காட்டுக்கும் போகிற பெற்றோரின் வீட்டில் அந்த மொழி காதில் விழுவதில்லை. வகுப்பில் விழுவதும் பெரும்பாலும் நம் குரல்தான். பிள்ளை வாய் திறக்காததற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல, கூச்சம். தப்பாகச் சொன்னால் பக்கத்து பெஞ்சு சிரிக்கும். கணினி சிரிக்காது, பத்து முறை தவறினாலும் பதினோராம் முறை அதே குரலில் கேட்கும். கணினி விளையாட்டுக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

"அப்படியானால் இரவெல்லாம் கைப்பேசியில் சுட்டுக்கொண்டிருக்கிற பையன்களுக்கு ஆங்கிலம் வந்துவிட்டதா?" என்று கேட்பீர்கள். 'எனிமி', 'ரீலோடு', 'கவர்' எல்லாம் வந்திருக்கிறது. வாக்கியம் வரவில்லை. அந்த ஆட்டத்துக்கு வாக்கியம் தேவைப்படவில்லை, அதனால் வரவில்லை. மொழி தெரிந்தால்தான் அடுத்த கட்டம் என்று இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாத்யூ காம் 2004இல் தொடங்கிய 'மில்லீ' திட்டம், கைப்பேசி விளையாட்டு வழியே இந்தியக் கிராமப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க முயன்றது. மேலைநாட்டு விளையாட்டுகளின் போக்கு பிள்ளைகளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. உடனே அந்தக் குழு 28 கிராமத்து விளையாட்டுகளை ஆராய்ந்து, அவற்றின் அமைப்பை ஒட்டிப் புதியவற்றை உருவாக்கியது. பிள்ளைகளைக் குறை சொல்லாமல் விளையாட்டை மாற்றினார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. கிளித்தட்டும் பல்லாங்குழியும் வைத்திருக்கிற நாம் இதற்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

இன்றே தொடங்க 'ஜிகோம்ப்ரி' இருக்கிறது. 2000இல் பிரான்சில் புரூனோ குடுவான் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். பிரெஞ்சில் அந்தப் பெயரை உச்சரித்தால் 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று ஒலிக்கும். காசு இல்லை, விளம்பரம் இல்லை, நிறுவிய பிறகு இணையமும் பெரிதாகத் தேவையில்லை. படம் வரும், சொல் ஒலிக்கும். பிறகு படத்துக்கு உரிய சொல்லைப் பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். மேலிருந்து விழும் சொல் தரையைத் தொடுமுன் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துக்கூட்டலுக்கு இது போதும். பேச்சுக்குப் போதாது.

பேச்சுக்கு நான் செய்வது இது. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இருவர். ஒருவர் திரையைப் பார்ப்பார், கை வைக்கக் கூடாது. மற்றவர் சுட்டியைப் பிடிப்பார், திரையைப் பார்க்கக் கூடாது. இடமா வலமா, மேலா கீழா, இன்னும் எவ்வளவு, எங்கே நிறுத்துவது எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ் வந்தால் ஆள் மாற வேண்டும். முதல் நாள் ஒரே கூச்சல்தான், பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்ப்பார். நான்காம் நாள் 'லெஃப்ட்' என்ற ஒற்றைச் சொல், 'கோ லெஃப்ட், நாட் தேர், ஸ்டாப்' என்று நீளும். இலக்கணம் பார்க்காதீர்கள். இருபது நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள். அலுக்கும் வரை விட்டால் மறுநாள் ஆவல் இருக்காது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஆய்வகம் இல்லையே என்று தயங்க வேண்டாம். உங்கள் கைக்கணினியிலும் ஜிகோம்ப்ரி ஓடும். நிறுவும் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்திருக்கிறேன், தேநீர் இடைவேளையில் வாங்கிக்கொள்ளலாம்.