இத்திரோ சொன்ன அறிவுரை



பங்கு இல்லத்தில் எங்கள் மேசைமீது திருப்புகழ்மாலை நூலுக்குப் பக்கத்தில் ஒரு மேலாண்மைப் புத்தகம் கிடந்தது. அதைப் பார்த்த பங்குப் பேரவைப் பெரியவர் ஒருவர், “சாமி, பைபிளில் இல்லாததா இதில் இருக்கிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலும் பைபிளிலேயே இருக்கிறது.

விடுதலைப் பயண நூலின் 18-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மோசே காலை முதல் மாலை வரை ஒரே ஆளாக உட்கார்ந்து வழக்குகளைத் தீர்க்கிறார். மக்களோ நாள் முழுவதும் காத்து நிற்கிறார்கள். அதைக் கண்ட மாமனார் இத்திரோ, இது இருதரப்பையும் சோர்வடையச் செய்யும் என்று எச்சரிக்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்தி, பெரிய வழக்குகளை மட்டும் மோசே பார்த்தால் போதும் என்கிறார். இத்திரோ இஸ்ரயேலர் அல்லர். மிதியான் நாட்டு அர்ச்சகர். எரியும் முட்புதரில் கடவுளின் குரலையே கேட்ட மோசே, மாமனாரின் அறிவுரையை வெளியாள் பேச்சு என்று தள்ளவில்லை. அவர் சொன்னபடியே செய்தார்.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடும், உலகத்திடமிருந்து திருச்சபை பெற்றுள்ள உதவியை மனமார ஏற்றுக்கொள்கிறது.

எங்களுக்கு அந்த உதவி தேவைப்பட்ட கதையைச் சொல்லத்தான் வேண்டும். கோவிலுக்குப் பின்தெருவில் படுக்கையில் கிடந்த ஒரு பாட்டி, நன்மை வாங்க வேண்டும் என்று பேத்தியிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். இரண்டு முறையும் “நாளைக்கு வருகிறோம்மா” என்றோம். உதவிப் பங்குத்தந்தை போவார் என்று ஒருவரும், பங்குத்தந்தை போவார் என்று மற்றவரும் இருந்துவிட்டோம். மூன்றாம் முறை அந்தப் பிள்ளை வந்தது துக்கமணி அடிக்கச் சொல்லத்தான்.

அதற்குப் பிறகு படித்ததே பீட்டர் டிரக்கர் எழுதி 1967-இல் வெளிவந்த ‘தி எஃபெக்டிவ் எக்சிக்யூட்டிவ்’. திட்டம் போடுவதற்கு முன், நேரம் எங்கே போகிறது என்று எழுதிப் பார்க்கச் சொல்கிறார். நினைவை நம்பக் கூடாது என்கிறார். ஒரு வாரம் எழுதினோம். கெபி கட்டுமானக் கணக்கு, திருவிழாப் பந்தல், சான்றிதழ்கள், அலைபேசி என்று பக்கம் நிரம்பியது. நோயாளர் சந்திப்புக்கு நாற்பது நிமிடம். பார்த்து வெட்கப்பட்டோம். இப்போது கட்டுமானக் கணக்கைப் பேரவையினர் பார்க்கிறார்கள். அன்பியப் பொறுப்பாளர்கள் சனிக்கிழமைதோறும் நோயாளர் பெயர்களைத் தருகிறார்கள். எந்த வீட்டுக்கு யார் போவது என்று அன்றே குறித்துவிடுகிறோம்.

ஸ்டீபன் கவி 1989-இல் வெளியிட்ட, ஏழு பழக்கங்களைப் பற்றிய புத்தகத்தில், நம்மைப் பிறர் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் நாம் அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். பேரவைக் கூட்டத்தில் முதலில் பேசி முடிவும் சொல்லிவந்த நாங்கள், இப்போது கடைசியில் பேசப் பழகுகிறோம். எளிதாக இல்லை!

ஆனாலும், அன்பானவர்களே, இந்தப் புத்தகங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. செலவுக்கு ஏற்ற பலன் வருகிறதா என்று பார்ப்பது நிறுவனங்களின் வழக்கம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போகும் ஆயனின் கணக்கு அங்கே செல்லாது. ஒரு பாட்டியின் கட்டிலருகே உட்கார்ந்த அரைமணி நேரம் எந்த ஆண்டறிக்கையிலும் சாதனையாக ஏறாது. நேரத்தை மிச்சப்படுத்தும் வழியைப் புத்தகத்தில் கற்றுக்கொள்ளலாம். மிச்சமான நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை ஆண்டவரிடம்தான் கேட்க வேண்டும்.

அன்பியப் பொறுப்பாளர்களே, மறைக்கல்வி ஆசிரியர்களே, பெற்றோர்களே, இந்த வாரம் ஒரு நோட்டில் உங்கள் நேரத்தை எழுதிப் பாருங்கள். சனிக்கிழமை இரவு குடும்பச் செபத்தில் அதை ஆண்டவர் முன் விரித்து வையுங்கள். நமக்காகக் காத்திருப்பவர் யார் என்று அவர் காட்டுவாராக. ஆமென்.